பேசுகிற லோடும் பேசாத லோடும்

1

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை மான்குர்த் சிக்னலில் என் லாரியை ஒட்டி ஒரு மஞ்சள் பஸ் வந்து நின்றது. ஜன்னலோரப் பையன் புது யூனிஃபார்மும் புதுத் தண்ணீர் பாட்டிலும் தலை நிறைய எண்ணெயுமாக என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் சிரித்தேன். அவன் வாந்தி எடுத்தான். பாதி பஸ்ஸின் மேல், பாதி என் முன் டயரின் மேல்.

பஸ்காரர் கையைத் தூக்கி, "ஸாரி அண்ணா" என்றார். மும்பையில் தெற்கத்தி முகம் வைத்திருக்கிற எவனும் அண்ணாதான். என்னைவிட மூத்த சர்தார்ஜிகூட என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பரவாயில்லை என்று கைகாட்டினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் ஜன்னலை ஏற்றவில்லை. பதினெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி, அந்த வாசனைக்கு நடுவில்தான் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்.

இந்த ஜூனோடு நான் லாரிக்கு வந்து ஒரு வருஷம். நம் சபை மலரைக் கவனித்துக்கொள்ளும் சார் போன் பண்ணி, மும்பையில் கர்த்தர் என்னை நடத்திய விதம் பற்றி ஒரு கட்டுரை கேட்டார். கூடவே, ஊரில் ரெண்டு மூன்று பேர் ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டு, டேங்கரா கன்டெய்னரா எதில் ஏறுவது என்று தெரியாமல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பதாகவும், அவர்களுக்கும் உபயோகமாக ஏதாவது எழுதும்படியும் சொன்னார். இரண்டையும் ஒரே லோடாக ஏற்றுகிறேன். கர்த்தர் நடத்திய பாதையில் டோல்கேட் நிறைய என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஜெர்லின் இதைப் படிக்கப்போவதில்லை. தமிழை எழுத்துக்கூட்டி முதல் வரியைத் தாண்டுவதற்குள் அவளுக்கு ரயில் வந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் அவளைப் பற்றியும் எழுதுகிறேன்.

2

ஊரில் சாத்தான்குளம் பக்கம் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். ஊரை நினைத்து உருகுகிற ஆள் இல்லை. அந்த மினிபஸ் முதலாளி மிக்சர் கடையும் வைத்திருந்தார். சம்பளம் கேட்டால் மிக்சர் பொட்டலம் தருவார். கல்யாணமான கையோடு என் மனைவி ரோஸ்லினின் அண்ணன் தாசன் மச்சான் தாராவிக்குக் கூப்பிட, மிக்சருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். பிறகு கோவண்டிக்குக் குடிமாறினோம். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது.

பார்க்கிறவர்களுக்குத்தான் அது பஸ். ஓட்டுகிறவனுக்கு அது சரக்கு வண்டி. உடையும் சரக்கு, கசியும் சரக்கு, ஒன்றையொன்று கடிக்கும் சரக்கு. ஏற்றும்போது ஒரு அம்மா அழுவார். இறக்கும்போது இன்னொரு அம்மா, காலையில் அனுப்பிய சாக்ஸ் எங்கே என்று என்னைக் கேட்பார். கூட வரும் ஆயா முதல் ஸ்டாப்பிலேயே தூங்கிவிடுவார்.

இதில் ஒரு வேலையை மட்டும் நான் விளையாட்டாகச் செய்ததில்லை. கடைசிப் பிள்ளையும் இறங்கியபின், வண்டியைப் பூட்டுவதற்கு முன், டிரைவர் எழுந்து கடைசி சீட்டுவரை நடந்து, ஒவ்வொரு சீட்டுக்குக் கீழேயும் குனிந்து பார்க்கவேண்டும். ஏதாவது ஒரு பிள்ளை தூங்கிப்போய் உள்ளேயே கிடந்துவிடக்கூடாது. ஏப்ரல் வெயிலில் பூட்டிய பஸ் என்ன செய்யும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. அப்படிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்தவை: டிபன் டப்பாக்கள், ஒற்றை ஷூ, பல் செட் ஒன்று, உயிருள்ள ஆமை ஒன்று. ஒருமுறை என் மகளே கிடைத்தாள்.

அப்போது அவள் யூ.கே.ஜி. என் பஸ்ஸில்தான், அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போய்வந்தாள். அன்று மற்ற பிள்ளைகளோடு இறங்காமல் கடைசி சீட்டுக்கு அடியில் பையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்கவில்லை. கண் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னோடு டெப்போவரைக்கும் வரவேண்டுமாம்.

"ஏட்டி, நான் பாக்காம பூட்டிட்டுப் போயிருந்தா?" என்றேன்.

"நீங்க பாப்பீங்கல்ல பப்பா" என்றாள்.

ஏழாம் வகுப்பில் அவள் முதல் சீட்டிலிருந்து கடைசி சீட்டுக்குக் குடிபோனாள். பஸ்ஸில் எல்லாப் பிள்ளைகளும் என்னை அங்கிள் என்பார்கள். ஒருநாள் சிநேகிதிகளுக்கு நடுவிலிருந்து அவளும், "அங்கிள், ஏசி தோடா படாவோ" என்றாள். நானும் "ஹாங் பேட்டா" என்று ஏசியைக் கூட்டினேன். வீட்டுக்கு வந்தபின் இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. வீட்டில் பப்பா, பஸ்ஸில் அங்கிள் என்று ஒரு ஒப்பந்தம் தானாக அமைந்துவிட்டது. போகப்போக வீட்டில் பப்பாவும் குறைந்தது. காதில் இயர்போன் ஏறியது. டிரைவர் மகள் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிறாள் என்பது புரிந்தது. எனக்கு அது வலித்தது. புரிந்துவிட்டால் வலிக்காது என்று எவன் சொன்னானோ தெரியவில்லை.

3

போன வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புதுக் கம்பெனி வந்தது. பேட்டரி பஸ், இளவட்ட டிரைவர்கள். எனக்கு ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். அதே மாதம் ஜெர்லினும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து பி.காம் சேர்ந்தாள். மூன்று வருஷம் முடிந்ததும் கனடா போகப்போவதாக அறிவித்தாள். கேட்கவில்லை, அறிவித்தாள்.

எனக்கு இருந்த கணக்கு அது ஒன்றுதான். அவள் இன்னும் மூன்று வருஷம் இந்த வீட்டில் இருப்பாள். அதற்குள் அவள் பழையபடி என்னோடு பேசவேண்டும். ஆகவே எந்த லாரி என்னைத் தினமும் சாயங்காலம் வீட்டில் இறக்கிவிடுமோ, அதுதான் எனக்கு நல்ல லாரி. இதை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தாசன் மச்சான் தாராவி முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

மச்சானுக்குத் தோல் பை தொழில். சரக்கு அனுப்புகிற பழக்கத்தில் லாரி உலகமே தன் சட்டைப்பையில் இருப்பதாக நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, பிரியாணி வரும்வரைக்கும் வகுப்பெடுத்தார்.

"மாப்ள, லோடுன்னா ரெண்டே வகைதான். பேசுத லோடு, பேசாத லோடு. நீரு பதினெட்டு வருஷமா பேசுத லோடு ஓட்டி மண்டைய ஒடச்சாச்சு. இனிமே பேசாத லோடு பாரும். சொர்க்கம்வே."

"வீட்டுக்குத் தெனமும் வந்துரலாமா?" என்றேன்.

சமையற்கட்டிலிருந்து ரோஸ்லின் எட்டிப்பார்த்தாள். செம்பூரில் டயாலிசிஸ் சென்டரில் வேலை பார்க்கிறவள். காலை ஷிப்ட். ரத்தத்தைப் பார்த்து அசராதவள், இந்தக் கேள்வியில் அசந்துவிட்டாள். "தெனமுமா?" என்றாள். நான் வேலையில்லாமல் வீட்டில் இருந்த நாட்களில் அவள் மசாலா டப்பாக்களை உயரவாரியாக அடுக்கிவைத்திருந்தேன். அந்தக் காயம் அவளுக்கு ஆறவில்லை. "அண்ணே, இவுகளுக்கு நல்ல தூரமா ஒரு லைன் பாருங்க. உளுந்து டப்பாவ எங்க வச்சாகன்னு இன்னும் நான் தேடிட்டுத்தான் இருக்கேன்."

மச்சான் என்னைக் கலம்போலியில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த மேனேஜர் பேனாவைத் திறந்து, இதுவரை என்ன சரக்கு ஓட்டினீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். பிள்ளைகளை என்று உள்ளதை நானும் ஹிந்தியிலேயே சொன்னேன். "பச்சே."

பேனா நின்றது. அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் பாய்ந்து, "ஸ்கூல் பஸ் சார், ஸ்கூல் பஸ்" என்று கத்தியிருக்காவிட்டால் அன்றைக்குச் சாயங்காலம் நான் போலீஸ் சௌக்கியில் இருந்திருப்பேன்.

4

முதலில் கன்டெய்னர். துறைமுகத்திலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து கோடவுனில் சேர்க்கவேண்டும். தூரம் குறைவு என்பதால் நம்பி ஏறினேன். தூரம் குறைவுதான், வரிசை நீளம். கேட்டுக்கு முன்னால் லாரிகள் ரயில்பெட்டி மாதிரி நிற்கும். கேட் பாஸ் வந்தால் பெட்டி வந்திருக்காது. பெட்டி வந்தால் கம்ப்யூட்டர் படுத்திருக்கும். கம்ப்யூட்டர் எழுந்தால் அதைத் தட்டுகிறவர் சாப்பிடப் போயிருப்பார். எனக்கு முன்னால் நின்ற உத்தரப்பிரதேசத்துக்காரர் வரிசையிலேயே பருப்பு வேகவைத்து, சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, போனில் தன் தங்கைக்கு மாப்பிள்ளையும் பேசி முடித்துவிட்டார். வரிசை நகரவில்லை.

அதையும் பொறுத்திருப்பேன். எனக்குப் பொறுக்காதது அந்த சீல். பெட்டிக் கதவில் ஒரு இரும்பு ஆணி அடித்து நம்பர் போட்டிருப்பார்கள். டிரைவர் அதைத் தொடவே கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்பார்கள். ஒவ்வொரு சரக்கையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவன் நான். யார் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் வண்டி ஓட்டுவது எனக்கு முதுகில் அரிக்கிற மாதிரி இருந்தது. இரண்டு நாள் வரிசையில் கிடந்துவிட்டு வீட்டுக்குப் போனால் ஜெர்லின் கதவைத் திறந்து, "ஓ, நீங்க ஊர்ல இல்லையா?" என்றாள். நான் போனதே அவளுக்குத் தெரியாது. அத்தோடு கன்டெய்னரை விட்டேன்.

5

அடுத்தது குளிர்வண்டி. பெரிய ஃப்ரிட்ஜுக்கு டயர் மாட்டியதுதான். பிவண்டியிலிருந்து கோலாப்பூருக்கு ஐஸ்கிரீம். வேளைக்குப் போய் வேளைக்குத் திரும்பலாம், வாடகையும் நல்ல வாடகை. முதலாளி ஒரு மராட்டியக்காரர், நெற்றியில் குங்குமம், பேச்சில் மரியாதை. வண்டி கிளம்புமுன் தேங்காய் உடைத்தார். நான் என் பங்குக்குக் கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். இரண்டு பக்கமும் சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியில் கிளம்பினேன்.

டீக்கு நிறுத்தினேன். இறங்கினேன். என் கால்கள் தாமாகப் பின்னால் நடந்தன. கை தானாகக் கதவைத் திறந்தது. கடைசிவரை எட்டிப்பார்த்தேன். வெனிலா, பிஸ்தா, மாம்பழம், எல்லாரும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். சாத்திவிட்டு டீ குடித்தேன். டோல்கேட்டில் ஒருமுறை. காற்றுப் பார்க்க நிறுத்திய இடத்தில் ஒருமுறை. சாப்பிட நிறுத்தியபோது நன்றாகக் குனிந்து கீழ் அடுக்கையும் பார்த்தேன். உண்மையாகவே சொல்கிறேன், நான் இதைச் செய்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. சட்டைப் பட்டன் போடுகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்தது.

கோலாப்பூர் ஏஜெண்ட் ஒரு டப்பாவைத் திறந்து கரண்டியை விட்டார். சூப் மாதிரி வந்தது. லோடைத் திருப்பிவிட்டார்.

அந்த வண்டிகளில் ஒரு சின்னக் கருவி உண்டு. கதவு எப்போது திறந்தது, உள்ளே எவ்வளவு சூடு ஏறியது என்று எல்லாவற்றையும் கோடாகப் போட்டுவிடும். முதலாளி அந்தப் படத்தை என் முன்னால் விரித்தார். மேலே போய்க் கீழே வந்து, மேலே போய்க் கீழே வந்து, மேற்குத்தொடர்ச்சி மலை மாதிரி இருந்தது.

"அண்ணா, வழியில வித்தீங்களா?" என்றார்.

"இல்ல சேட்."

"சாப்பிட்டீங்களா? சாப்பிட்டிருந்தா சொல்லுங்க, கோவிச்சுக்கமாட்டேன்."

"இல்ல சேட்."

"பின்ன எதுக்கு வழி நெடுகத் திறந்தீங்க?"

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். ஏதாவது பிள்ளை தூங்கிக்கிட்டு உள்ளேயே இருந்துடுச்சான்னு பார்த்தேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஐஸ்கிரீம்லயா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, வீட்டில் எல்லாரும் நலமா என்று விசாரித்து, மெதுவாக வாசல்வரை வந்து வழியனுப்பினார். புத்தி பேதலித்தவனிடம் பேசுகிற அதே பதம். அடுத்த நாள் வேறு டிரைவர் வந்துவிட்டார்.

வீட்டில் சொன்னபோது ரோஸ்லின் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தாள். மச்சானுக்குப் போன் போட்டு, அவரையும் சிரிக்கவைத்தாள். ஜெர்லின் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தாள்.

"ஐஸ்கிரீம்ல யாரத் தேடுனீங்க?"

"யாரயும் இல்லம்மா. பழக்கம்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு இயர்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

6

கடைசியில் நான் ஆசைப்பட்ட டேங்கர் கிடைத்தது. ஆபத்தான சரக்கு என்பதால் தனி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கவேண்டும். வகுப்பில் வெடிக்கிற படமாகப் போட்டுக் காட்டிவிட்டு, பயப்படாமல் ஓட்டுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஆர்.டி.ஓ ஆபீசில் என் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள். அதைத் திருத்தப் போனால், விட்டுப்போன எழுத்து உங்களுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். நல்லவேளை, பேப்டிஸ்ம் சர்டிபிகேட் இருந்தது.

மாஹுல் எண்ணெய் ஆலையில் காலையில் பெட்ரோல் ஏற்றி, நகரத்துப் பெட்ரோல் பங்க்குகளில் இறக்கிவிட்டு, விளக்கு வைப்பதற்குள் கோவண்டி வந்துவிடலாம். கேட்டில் தீப்பெட்டி, போன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மூடிகளை நான் திறந்து பார்ப்பேனோ என்று பயந்து மச்சான் என் வலது கை மணிக்கட்டில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டார். ரிப்பனைப் பார்த்தால் கை நின்றுவிடும். உண்மையாகவே நின்றது.

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. தினமும் சாயங்காலம் வீட்டில் இருந்தேன். குளித்து, பவுடர் போட்டு, கதவைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஜெர்லின் வருவாள். "சாப்ட்டியாம்மா?" என்பேன். "ம்." "காலேஜ் எப்படி?" "டீக் ஹை." பிறகு பரணுக்குக் கீழே தன் மூலையில் போய்ச் சுருண்டுகொள்வாள். எங்கள் வீட்டில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் கை நீட்டினால் எட்டும். எனக்கு எட்டவில்லை. மூன்று மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் கேள்வியை மாற்றிப் பார்ப்போம் என்று, "கனடாவுல ரொம்பக் குளிருமாமே" என்றேன். "அங்க ஹீட்டர் இருக்கும் பப்பா" என்றாள். பேச்சு முடிந்துவிட்டது.

அன்றைக்கு ரோஸ்லின்தான் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"நீங்க தெனமும் வாசலப் பாத்து உக்காந்துக்கிட்டு அவ வாயையே பாத்தா, அவ என்னதான் செய்வா? அவளுக்கு மூச்சு முட்டுதுங்க. எனக்கே முட்டுது. கொஞ்சம் எங்கயாவது போயிட்டு வாங்க. இல்லாட்டாதான் ஆளத் தேடத் தோணும்."

பேசாத லோடு சொர்க்கம் என்று மச்சான் சொன்னாரே. எங்கள் வீட்டிலேயே ஒன்று இருந்தது. அது சொர்க்கமாக இல்லை.

7

இப்படித்தான் தூர லைனுக்கு வந்தேன். ஓபன் பாடி லாரி. பிளாஸ்டிக் குருணை மூட்டை ஏற்றிக்கொண்டு மதுரை, அங்கிருந்து காலியாகத் தூத்துக்குடி, அங்கே உப்பு ஏற்றிக்கொண்டு மான்குர்த். தார்ப்பாயை நீங்களே கட்டவேண்டும், நீங்களே அவிழ்க்கவேண்டும். கட்டிய தார்ப்பாயை ஒவ்வொரு நிறுத்தத்திலும் தூக்கிப் பார்க்கலாம், சரக்கு கோபித்துக்கொள்ளாது. உப்பு மூட்டைக்கு நடுவில் எட்டிப்பார்ப்பதை யாரும் கிராஃப் போடுவதில்லை.

நான் தெற்கே போகிறேன் என்று சபையில் யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். கோவண்டித் தமிழர்கள் மொத்தமும் வந்துவிட்டார்கள். ஒரு தையல் மிஷின், இரண்டு மிக்ஸி, நாசரேத்தில் யாருக்கோ ஒரு கம்பளி, ஒரு வீல்சேர். ஒருவர் தன் மாமியாரையே அனுப்பலாமா என்று விலாவாரியாகக் கேட்டார். தூத்துக்குடி பைபாஸில் என் அக்கா தூக்குச்சட்டியோடு நின்று, "எலே, லாரிக்காரன் ஆயிட்டியே, ஒன் மூஞ்சி அப்படியே ஆயிப்போச்சே" என்று அழுதாள். லாரிக்கு வந்து ஒரு முழு வருஷம்கூட ஆகாத முகத்தில் அவள் என்ன கண்டாளோ. சட்டியில் மீன்குழம்பு இருந்தது. ஆகவே மறுத்துப் பேசவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் ஜெர்லின் என் போனை வாங்கி எதையோ அழுத்தினாள். "லொகேஷன் ஆன் பண்ணிருக்கேன். ஆஃப் பண்ணாதீங்க. சார்ஜ்ல போட்டே வைங்க" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளாகவே வாயைத் திறந்து மூன்று வாக்கியம் பேசியதில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

வழியில் அவள் ஒருமுறைகூடப் போன் பண்ணவில்லை. சித்ரதுர்கா தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றிவிட்டு மரத்தடியில் படுத்து எழுந்தால், போனில் அவளிடமிருந்து ஒரு மெசேஜ். வெறும் ஒரு கேள்விக்குறி. கை பட்டு வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். திரும்பி வருகையில் சேலத்துக்கு முன்னால் விபத்தில் ரோடு மறித்து நின்றபோது இன்னொரு கேள்விக்குறி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனை எங்கே வைத்துக்கொண்டு உட்காருகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

லைசென்ஸ் எடுத்த தம்பிகளுக்கு வருகிறேன். சீக்கிரம் வீட்டுக்கு வரவேண்டுமென்றால் டேங்கர். சமைக்கத் தெரியுமென்றால் கன்டெய்னர். கைகள் சொன்ன பேச்சைக் கேட்குமென்றால் குளிர்வண்டி. ஒன்றும் தெரியாதென்றால் உப்பு. ஆனால் யாரையாவது மனதில் வைத்துக்கொண்டு லோடைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அடுத்து நடந்ததை நினைத்தால், அதை அவ்வளவு உறுதியாகவும் சொல்ல முடியவில்லை.

8

மான்குர்த் கோடவுனில் உப்பை இறக்கி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. வண்டியை ஓரமாக மரத்தடியில் போட்டேன். அங்கிருந்து கோவண்டி ஒரே ஸ்டேஷன். நான் போகவில்லை. போய் என்ன செய்வது? ரோஸ்லின் ஷிப்டில் இருப்பாள். ஜெர்லின் காலேஜில் இருப்பாள். வந்தாலும் "ம்" என்பாள். அந்த "ம்"முக்கு அவசரமாகப் போகவேண்டாம் என்று தோன்றியது. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில் ஏறி, திரையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினேன். சீக்கிரம் எழுந்துவிடலாம் என்றுதான் படுத்தேன்.

கதவை யாரோ தட்டுகிறார்கள். போலீஸ் என்று நினைத்து பேப்பர்களைத் தேடினேன். தட்டல் நிற்கவில்லை. திரையை விலக்கிப் பார்த்தால், கதவுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஜெர்லின். காலேஜ் பை முதுகில். முகமெல்லாம் வியர்வை.

கதவைத் திறந்தேன். அவளால் சட்டென்று ஏற முடியவில்லை. "எவ்ளோ ஹைட் இது" என்று மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்து சீட்டில் வந்து விழுந்தாள்.

"என்னம்மா? அம்மாவுக்கு ஏதாவது..."

"அம்மா டீக் ஹை." போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி, மான்குர்த்தில், அசையாமல். "காலைலயிருந்து இங்கயே நிக்குது. வீட்டுக்கும் வரல. கால் பண்ணா எடுக்கல. நான் லெக்சர்ல உக்காந்து இதையே பாத்துட்டு இருக்கேன். வண்டி நின்னுடுச்சு, ஆள் இறங்கல. மே க்யா சம்ஜூ? நான் என்னன்னு நெனைக்கிறது?"

"தூங்கிட்டேன்."

"சித்ரதுர்காலயும் நின்னீங்க. கேட்டேன். ரிப்ளை இல்ல. சேலம்ல நின்னீங்க. கேட்டேன். ரிப்ளை இல்ல."

"அது... வெறும் கேள்விக்குறிதானே வந்துச்சு."

"பின்ன என்ன கேக்கணும்?" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகாராஷ்டிரா, கர்நாடகா, தமிழ்நாடு முழுக்க இந்தப் பிள்ளை எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வந்திருக்கிறது. நான் கண்ணாடியில் பார்க்கவில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தேன். அதில் உப்பு ஒட்டியிருந்ததால் கண் இன்னும் எரிந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள்.

"எப்படி வந்தே?"

"டிரெய்ன்ல. இந்த ரோட்ல எல்லா லாரியையும் பாத்துட்டு வந்தேன். எல்லாரும் கேட்டாங்க, கிஸ்கோ டூண்ட் ரஹி ஹோ, யாரத் தேடுறேன்னு. சொன்னேன், எங்க பப்பா இந்த லைன்ல டிரைவர்னு."

நான் சாவியை எடுத்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று கதவில் கைவைத்தேன்.

"இருங்க" என்றாள். சீட்டின் மேல் முழங்காலிட்டுத் திரையை ஒதுக்கி, படுக்கைப் பலகையின் அந்தக் கோடிவரை எட்டிப்பார்த்தாள். கீழே குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்த்தாள். அங்கே என் செருப்பும் காலித் தூக்குச்சட்டியும் கிடந்தன.

"யாரும் இல்ல பப்பா," என்றாள். "இறங்குங்க."